விக்டோரியா ட்ரீட்டி: எந்த வரிசையில் கட்டினார்கள், எங்கே உடையக்கூடும்

2024 நவம்பர் கடைசியில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநில நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா நிறைவேறியது. பெயரைப் பார்த்தால் பிரிஸ்பேன் ஒலிம்பிக் ஏற்பாடுகளுக்கான சட்டத் திருத்தம். அதற்குள் செருகியிருந்த ஒரு பகுதி, பூர்வகுடிகளுடன் உடன்படிக்கை காண்பதற்காக 2023 மே மாதம் இயற்றப்பட்ட சட்டத்தையே ரத்து செய்தது. அந்தச் சட்டத்தின் கீழ் ஜோஷுவா கிரீமர் தலைமையில் அமைந்த உண்மை விசாரணைக் குழு ஜூலையில்தான் வேலையைத் தொடங்கியிருந்தது. சாட்சியம் கேட்கும் அமர்வுகள் அரும்பிய கையோடு கதவு சாத்தப்பட்டது.

ஓராண்டு கழித்து, 2025 நவம்பர் 13 அன்று, மெல்பேர்ன் ஆளுநர் மாளிகையில் விக்டோரியா மாநில அரசும் பூர்வகுடிகள் பேரவையும் ஆஸ்திரேலியாவின் முதல் மாநில அளவிலான ட்ரீட்டியில் கையெழுத்திட்டன. நாடு ஒன்றுதான், அரசமைப்பு ஒன்றுதான், எதிர்க்கட்சிகளின் முனகலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்று ஒரே தள்ளில் விழ, இன்னொன்று கையெழுத்து வரை போய்ச் சேர்ந்தது எப்படி? பெரிய காரணம், விக்டோரியாவில் எதை முதலில் கட்டினார்கள், எதைப் பிறகு கட்டினார்கள் என்பது.

முதலில் சொற்கள். ட்ரீட்டி என்பதை உடன்படிக்கை என்கிறோம், ட்ரூத் டெல்லிங் என்பதை உண்மை உரைத்தல் என்கிறோம். சிக்கல் மூன்றாவது சொல்லில். ‘சுயநிர்ணயம்’ என்றதுமே தமிழ்க் காதில் தனிநாடு, எல்லைக்கோடு, கொடி என்று கேட்கும். விக்டோரியாவில் அந்தச் சொல் இறங்கி வந்து நிற்கும் இடம் வேறு. எங்கள் குழந்தையை யார் வளர்ப்பது, எங்கள் ஆற்றுக்கு என்ன பெயர், எங்கள் முன்னோரின் எலும்புகள் எந்த மண்ணில் கிடப்பது என்பதை யார் தீர்மானிப்பார் என்ற கேள்வி அது. இறையாண்மையை நாங்கள் ஒருபோதும் விட்டுக்கொடுக்கவில்லை என்ற நிலைப்பாடு அதற்கு அடியில் எப்போதும் இருக்கிறது. ஆனால் அன்றாடப் பேச்சில் சுயநிர்ணயம் என்பது முடிவெடுக்கும் நாற்காலியில் யார் உட்காருவது என்பதுதான்.

இந்த மாநிலத்தில் ட்ரீட்டி என்ற சொல்லுக்கு 190 வயது. 1835 ஜூன் மாதம் ஜான் பேட்மன் என்ற வெள்ளைக் குடியேறி, தான் மெல்பேர்ன் பகுதிப் பூர்வகுடிகளான குலின் மக்களின் தலைவர்கள் எண்மரிடம் ஆறு லட்சம் ஏக்கர் நிலம் வாங்கிவிட்டதாகப் பத்திரம் எழுதிக்கொண்டார். பத்திரத்தின்படி ஆண்டு வாடகை 100 ஜோடி கம்பளி, 100 கத்தி, 100 கைக்கோடரி, 50 முகம்பார்க்கும் கண்ணாடி, ஐந்து டன் மாவு, இன்னும் சில. அந்தத் தலைவர்கள் மனத்தில் விற்பனை என்ற எண்ணமே இருந்திருக்காது, வந்த விருந்தாளிக்குத் தற்காலிகமாக நிலத்தில் நடமாட இசைவு தரும் ‘டண்டரம்’ சடங்கு என்றே நினைத்திருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் ஆளுநர் போர்க் அந்தப் பத்திரம் செல்லாது என்று பிரகடனம் செய்தார். காரணம்தான் முக்கியம். பேட்மன் ஏமாற்றிவிட்டார் என்று அவர் சொல்லவில்லை. நிலம் பிரிட்டிஷ் அரசுக்குச் சொந்தம், அதை விற்கும் உரிமை குலின் மக்களுக்கு இல்லை என்றார். 1840இல் நியூசிலாந்தின் வைடாங்கியில் மாவோரிகளுடன் ஒப்பந்தம் போட்ட அதே பேரரசு ஆஸ்திரேலியாவில் ஒன்றுகூடப் போடாததற்கு வேர் இந்த நினைப்பில் இருக்கிறது. அதைச் சட்டத்திலிருந்து பிடுங்கி எறிய நாட்டின் உச்ச மன்றமான உயர் நீதிமன்றம் 1992 ஜூன் 3 அன்று தந்த மாபோ தீர்ப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

உண்மை உரைத்தலும் புதிதல்ல. மெல்பேர்னுக்கு வடகிழக்கே, ஹீல்ஸ்வில் அருகே, 1863இல் பூர்வகுடித் தலைவர்கள் சைமன் வோங்காவும் வில்லியம் பாராக்கும் தங்கள் மக்களுடன் மலை கடந்து வந்து கோரண்டெர்க் என்ற குடியிருப்பை அமைத்தார்கள். பீருக்குச் சேர்க்கும் ஹாப்ஸ் பயிரிட்டார்கள். அது மெல்பேர்ன் கண்காட்சியில் பரிசு வாங்கும் அளவுக்கு விளைந்தது. நிலம் நன்றாக விளைந்தால் அதன்மேல் கண் விழும். மூடிவிடப் பார்த்தார்கள். பாராக்கும் மற்றவர்களும் அறுபது கிலோமீட்டர் நடந்து மெல்பேர்ன் போய் அமைச்சர்களைப் பார்த்தார்கள், மனு மேல் மனு எழுதினார்கள். 1881இல் அரசு விசாரணை நடந்தது. பூர்வகுடிகளே முன்னால் வந்து சாட்சி சொன்னார்கள், சொன்னது அச்சிலும் ஏறியது. நிலமும் நிரந்தர ஒதுக்கீடு ஆனது. பிறகு 1886இல் ஒரு சட்டம் வந்தது. கலப்பு வம்சாவளி என்று அரசு முத்திரை குத்தியவர்களில் 35 வயதை எட்டாதவர்கள் குடியிருப்பை விட்டு வெளியேற வேண்டும். உழைக்கும் கைகள் போனதும் கோரண்டெர்க் தளர்ந்தது. 1924இல் மூடியே விட்டார்கள்.

சாட்சி சொன்னவர்கள் கையில் அதிகாரம் எதுவும் இல்லாதபோது சாட்சியம் எங்கே போய்ச் சேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பதிவு அந்த மாநிலத்தில் இல்லை.

மாபோ தீர்ப்புக்குப் பிறகு பூர்வீக நில உரிமைச் சட்டம் 1993இல் வந்ததே, அதற்கு மேல் ட்ரீட்டி எதற்கு என்று கேட்பவர்கள் யோர்ட்டா யோர்ட்டா வழக்கைப் படிக்க வேண்டும். முர்ரே ஆற்றங்கரை மக்களான அவர்கள் போட்ட உரிமைக் கோரிக்கையை 1998இல் நீதிபதி ஆல்னி தள்ளுபடி செய்தார். மரபுச் சட்டத்தோடும் வழக்கத்தோடும் இருந்த தொடர்பை ‘வரலாற்றின் அலை’ அடித்துச் சென்றுவிட்டது என்பது அவர் சொன்ன காரணம். இன்றிருக்கும் முதியவர்கள் கூண்டில் ஏறிச் சொன்னதைவிட, 1840களில் அதே நிலத்தில் ஆடு மேய்க்க வந்த எட்வர்ட் கர் எழுதிவைத்த குறிப்புகளுக்கு அவர் கூடுதல் எடை கொடுத்தார். 2002இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. துரத்தியடித்தவர்களே ‘தொடர்பு அறுந்துவிட்டதே’ என்று கேட்பதற்கு இந்தச் சட்டம் இடம் தருகிறது. குடியேற்றம் முந்தியும் அடர்த்தியாகவும் நடந்த விக்டோரியா போன்ற மாநிலத்தில் அறுந்துபோனதை நிரூபிக்கச் சொல்வது எளிது, அறாததை நிரூபிப்பதுதான் பாடு. 2010இல் மாநில அரசு நீதிமன்றத்துக்கு வெளியே பேசித் தீர்க்கத் தனிச் சட்டம் கொண்டுவந்ததும், பிறகு பேச்சு ட்ரீட்டி பக்கம் திரும்பியதும் இதன் தொடர்ச்சி.

இனி கட்டுமானம். 2016இல் விக்டோரியா அரசு பேசத் தயார் என்றது. உடனே எழுந்த கேள்வி, யாரோடு பேசுவது? அரசே ஆட்களைப் பொறுக்கி உட்காரவைத்தால் அது பழைய நலவாரியக் கதைதான். கன்பராவில் 1990இல் தொடங்கிய பூர்வகுடிகள் ஆணையமான ஏட்சிக் தேர்தல் நடத்தியது, நிதியும் கையாண்டது. ஆனாலும் ஒன்றிய அரசு நினைத்த மாத்திரத்தில் 2005இல் கலைத்துவிட்டது. ஆகவே விக்டோரியாவில் உடன்படிக்கையின் உள்ளடக்கத்தைத் தொடவே இல்லை. 2018 சட்டம் எதிர்த்தரப்பில் உட்காரப்போகும் அமைப்பை அங்கீகரித்தது, பேச்சுக்கு முன்னால் தயாராக வேண்டிய மூன்று உறுப்புகளையும் வரையறுத்தது. உடன்படிக்கையில் என்ன இருக்க வேண்டும் என்று அதில் ஒரு வரிகூடக் கிடையாது. ‘வெறும் சட்டகம்தானே’ என்று அப்போது கேலி பேசினார்கள். சட்டகம் இல்லாமல் ஓவியத்துக்குப் போன குயின்ஸ்லாந்தைப் பிறகு பார்த்தோம் என்று சொன்னால் கொஞ்சம் அநியாயம்தான். அங்கேயும் ஓர் அமைப்பைக் கட்டவே முயன்றார்கள், காலம்தான் கிடைக்கவில்லை.

பூர்வகுடிகள் பேரவைக்கு 2019இல் தேர்தல் நடந்தது. மாநிலம் ஐந்து வட்டாரங்களாகப் பிரிந்தது. பொதுவாக்கில் 21 இடம், அதில் மெல்பேர்ன் பெருநகருக்கு 9, மற்ற நான்கு வட்டாரங்களுக்குத் தலா 3. இதற்கு மேல், அங்கீகாரம் பெற்ற மரபுநிலக் குழுக்களுக்கு, அதாவது ஒரு நிலத்துக்கு வழிவழியாக உரியவர்களின் அமைப்புகளுக்கு, தனி ஒதுக்கீடு. 16 வயதானால் வாக்களிக்கலாம். விக்டோரியாவை மரபுநிலமாகக் கொண்டவர் வேறெங்கு வாழ்ந்தாலும் வாக்கு உண்டு. வேறு மாநிலத்திலிருந்து வந்து குடியேறிய பூர்வகுடிகளுக்கு வாக்கு உண்டு, வேட்பாளராக நிற்க முடியாது. வாக்காளர் பட்டியலைப் பேரவையே தன் பொறுப்பில் வைத்துக்கொண்டது. முதல் தேர்தலில் வாக்குப்பதிவு மிகக் குறைவு. ‘இவர்களுக்கே அக்கறை இல்லை’ என்று எழுதிய பத்திரிகைகள் ஒன்றைக் கவனிக்கவில்லை: தலைமுறை தலைமுறையாக அரசுப் பட்டியலில் பெயர் இருந்ததால்தான் அரசிடம் குழந்தைகளைப் பறிகொடுத்த சமூகம் இது. புதிதாக ஒரு பட்டியலை நீட்டினால் முதல் நாளே வரிசையில் நிற்க மாட்டார்கள்.

பேரவையும் அரசும் சேர்ந்து அடுத்து மூன்றைக் கட்டின. ஒன்று, ட்ரீட்டி ஆணையம். 2022இல் சட்டமானது. இதன் உறுப்பினர்கள் அனைவரும் பூர்வகுடிகள். இது அரசுத் துறை அல்ல, பேரவையின் கிளையும் அல்ல. இரு தரப்புக்கும் நடுவர். இதன் நிதி ஆண்டுதோறும் பட்ஜெட்டில் அமைச்சரிடம் கையேந்தி வாங்கும் நிதியாக இருக்கக் கூடாது என்பதில் பேரவை பிடிவாதமாக இருந்து வென்றது. இரண்டு, பேச்சுவார்த்தைச் சட்டகம்: யார் எப்போது எப்படி மேசைக்கு வரலாம் என்ற விதிகள். மூன்று, சுயநிர்ணய நிதி. ஒரு தரப்பில் அரசின் வழக்கறிஞர் படை, மறுதரப்பில் மாலையில் வேலை முடித்துவிட்டு வரும் தன்னார்வலர்கள் என்று உட்கார்ந்தால் அதைப் பேச்சுவார்த்தை என்று சொல்ல முடியாது. பூர்வகுடிகள் தங்களுக்கு வேண்டிய வழக்கறிஞரையும் கணக்காளரையும் அமர்த்திக்கொள்வதற்கான பணம் இது. அதைப் பேரவை நிறுவிய தனி நிறுவனம் கையாள்கிறது.

இதற்கு இணையாக ஓடியது யூருக் நீதி ஆணையம். யூருக் என்றால் வெம்பா வெம்பா மொழியில் உண்மை. 2021இல் அமைத்தபோது அதற்கு அரச ஆணையத்தின் முழு அதிகாரமும் கிடைத்தது. ஆவணம் கேட்டால் தர வேண்டும், அழைத்தால் வந்து சத்தியம் செய்து பதில் சொல்ல வேண்டும். தலைவர் பேராசிரியர் எலினோர் போர்க் (1835இன் ஆளுநருக்கும் இதே குடும்பப்பெயர் என்பது காலத்தின் குறும்பு). 2023 மே மாதம் காவல்துறைத் தலைவர் ஷேன் பாட்டன் அதன் முன் வந்து மன்னிப்புக் கேட்டார். 2024 ஏப்ரலில் முதல்வர் ஜசின்டா ஆலன் வந்து சாட்சியம் அளித்தார். 1881 விசாரணைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இந்த நாற்காலி மாற்றத்தில் இருக்கிறது: அன்று விசாரித்தவர்கள் வெள்ளையர்கள், இன்று கேள்வி கேட்கும் மேசையில் பெரும்பாலோர் பூர்வகுடிகள், பதில் சொல்லும் இடத்தில் அரசு.

உண்மை உரைத்தல் என்றால் மேடையில் அழுவது என்று நினைப்பவர்கள் அதிகம். அதன் பெரும்பகுதி ஆவண வேலை, சலிப்பூட்டும் வேலை. எங்கே தடுமாறும் என்பதற்கு யூருக் நல்ல பாடம். முதல் தடுமாற்றம், அரசு கெடு தேதிக்குள் ஆவணங்களைத் தரவில்லை. 2023 தொடக்கத்தில் குழந்தைநலம், குற்றவியல் நீதி பற்றிய அமர்வுகளையே தள்ளிப்போட வேண்டி வந்தது. கோப்புகள் துறைவாரியாகச் சிதறிக் கிடந்தன என்பது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் கோப்புகளைச் சிதறவிடுவதும் ஒரு கொள்கைதான். இரண்டாவது, சாட்சியின் உடைமை. ஒரு மூதாட்டி தன் தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட கதையைச் சொல்கிறார். ஆணையம் கலைந்த பின் அந்தப் பதிவு பொது ஆவணக் காப்பகத்துக்குப் போனால் அதை யாரெல்லாம் திறக்கலாம்? பழைய சட்டத்தில் சொன்னவருக்குப் பிடி இல்லை. 2024இல் தனித் திருத்தம் கொண்டுவந்துதான் இதைச் சரிசெய்ய முடிந்தது. மூன்று ஆண்டு ஓடிய பிறகு! இன்னொரு நாடு இதைத் தொடங்குமானால், முதல் சாட்சியைக் கூப்பிடும் முன்பே இந்தச் சட்டத்தை எழுதிவிட வேண்டும்.

மூன்றாவது தடுமாற்றம்தான் பெரியது. பரிந்துரைகள். 2023 செப்டம்பரில் யூருக் குழந்தைநலம், நீதித்துறை பற்றி 46 பரிந்துரைகள் கொடுத்தது. அடுத்த ஏப்ரலில் அரசு முழுமையாக ஏற்றது 4. கொள்கையளவில் ஏற்பதாகச் சொன்னது 24, பரிசீலனையில் 15, நிராகரித்தது 3. ‘கொள்கையளவில்’ என்ற சொல்லுக்கு எத்தனை அர்த்தம் என்று தமிழ்நாட்டு வாசகருக்கு விளக்கத் தேவையில்லை.

இறுதி அறிக்கை 2025 ஜூலை 1 அன்று நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. 100 பரிந்துரைகள். 1834இல் ஏறத்தாழ 60,000 ஆக இருந்த பூர்வகுடிகள் 1851இல் 15,000 ஆனார்கள், படுகொலையும் நோயும் பாலியல் வன்முறையும் குழந்தைப் பறிப்பும் சேர்ந்த அந்த அழிவு இனப்படுகொலை என்று அறிக்கை எழுதியது. ஐந்து ஆணையர்களில் மூவர் முக்கியக் கண்டறிதல்கள் சிலவற்றைச் சேர்ப்பதை ஏற்கவில்லை என்ற குறிப்பும் அதிலேயே இருக்கிறது. இந்தக் குறிப்பைக் காட்டி அறிக்கை முழுவதையும் ஒதுக்குவோர் உண்டு. நீதிமன்றத் தீர்ப்பில் மாறுபட்ட கருத்து இருந்தால் தீர்ப்பே செல்லாது என்று யாரும் சொல்வதில்லையே.

சரி, ட்ரீட்டியில் என்னதான் இருக்கிறது? கெல்லுங் வார்ல் என்ற நிரந்தர அமைப்பு. குனாய்குர்னாய் மொழியில் ஈட்டியின் முனை. அதற்கு மூன்று கைகள். பேரவை தொடர்கிறது. அரசு சொன்னதைச் செய்ததா என்று கண்காணிக்க ஙின்மா ஙைங்கா வாரா. உண்மை உரைத்தலைத் தொடர நியர்னா யூருக் டெல்குனா. பேரவை அமைச்சர்களிடம் கேள்வி கேட்கலாம், நாடாளுமன்றத்தில் உரையாற்றலாம். மசோதா கொண்டுவருபவர் அது ட்ரீட்டியோடு ஒத்துப்போகிறதா என்று எழுத்தில் சொல்ல வேண்டும். ஒத்துப்போகவில்லை என்று எழுதிவிட்டும் மசோதாவை நிறைவேற்றலாம். வீட்டோ கிடையாது. தனிநபருக்குப் பணமும் கிடையாது. யாருடைய வீட்டையும் யாரும் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. (தாயிடமிருந்து பறிக்கப்பட்டவர்களுக்கு 2022இல் தொடங்கிய 1,00,000 டாலர் இழப்பீடு வேறு திட்டம். ட்ரீட்டியோடு அதைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.)

இது ஒரு முடிவல்ல, வாசல்தான். வட்டார மக்களினங்கள் தனித்தனியாகத் தங்கள் உடன்படிக்கையைப் பேசுவதற்கு இனிமேல்தான் வேலை. நடைமுறை இப்படி: முதலில் ஒரு மரபுநிலக் குழு தன் தூதுக்குழுவை அமைக்கும். அந்த நிலத்துக்கு உரிய குடும்பங்கள் யாரும் விடுபடவில்லை என்று காட்ட வேண்டும். பேசத் தயார் என்று ட்ரீட்டி ஆணையத்துக்கு அறிவிக்கும். ஆணையம் அண்டைக் குழுக்களுக்குத் தெரிவிக்கும். எல்லை ஒன்றின்மேல் ஒன்று படிந்தால் அதைப் பூர்வகுடிகளே தங்கள் மரபு முறைப்படி பேசி முடிக்க ஆணையம் உதவும். அதன் பிறகே அரசு மேசைக்கு வரும். தாமதம் பெரும்பாலும் எல்லைப் படிவில் வரும். ஒரே ஓடை இரண்டு மக்களுக்குச் சொந்தமாக இருப்பது பழைய முறையில் சிக்கலே இல்லை. அரசு வரைபடத்தில் ஒரு கோடு போடச் சொன்ன நாளிலிருந்துதான் அது சண்டையானது.

சுயநிர்ணயம் நடைமுறையில் எப்படி இருக்கும் என்று பார்க்க ட்ரீட்டி வரைகூடப் போக வேண்டாம். விக்டோரியாவின் குழந்தைநலச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, நீதிமன்றப் பாதுகாப்பு உத்தரவின் கீழ் இருக்கும் பூர்வகுடிக் குழந்தையைப் பற்றி முடிவெடுக்கும் அதிகாரத்தை அரசுத் துறையிடமிருந்து பூர்வகுடி நிறுவனம் ஒன்றின் தலைவருக்கு மாற்ற இடம் தருகிறது. 2017 கடைசியில் வாக்கா என்ற நிறுவனம் முதன்முதலாக இந்த அதிகாரத்தை ஏற்றது. ஆலோசனை சொல்வது வேறு, ஆணையில் கையெழுத்துப் போடுவது வேறு. குழந்தை எந்த வீட்டில், பெற்றோரிடம் எப்போது திரும்புவது என்று கையெழுத்துப் போடுபவர் அந்தக் குழந்தையின் பாட்டியை, அத்தையை, ஊரைத் தெரிந்தவராக இருக்கிறார். இதில் ஆபத்தும் உண்டு. அதிகாரத்தோடு பழியும் கைமாறும், பணமும் ஆட்களும் அதே அளவில் கைமாறாவிட்டால் முந்தைய தோல்விகளும் புதியவர் தலையில் விழும்.

பூர்வகுடிகள் எல்லோரும் இந்த ட்ரீட்டியை ஒரே குரலில் வரவேற்கிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். செனட்டர் லிடியா தோர்ப் போன்றோர் தொடக்கத்திலிருந்தே கேட்கும் கேள்வி கூர்மையானது: இறையாண்மை அந்தந்தக் குலத்திடமும் மக்களினத்திடமும் இருக்கிறது, மாநிலம் முழுவதுக்கும் ஒரு பேரவை எப்படிப் பேச முடியும்? மாநில அரசு தன் சட்டத்தால் உருவாக்கிக் கொடுக்கும் அமைப்பு எப்படிச் சம தரப்பாகும்? 2020 அக்டோபர் 26 அன்று, ட்ரீட்டிப் பேச்சுக்கான ஏற்பாடுகள் நடந்துகொண்டிருக்கும்போதே, அராரட் பக்கம் நெடுஞ்சாலை விரிவுக்காக ஜாப் வுர்ருங் மக்கள் புனிதமாகக் கருதிய திசைமரத்தை அரசு வெட்டிச் சாய்த்தது. அன்று அந்தக் கேள்விக்குப் பேரவையிடமும் நல்ல பதில் இருந்ததாகத் தெரியவில்லை. பேரவைத் தரப்பின் இணைத்தலைவர்கள் நாரா மர்ரேயும் ரூபன் பெர்க்கும் தொடர்ந்து சொல்லிவருவது, மாநிலம் முழுவதுக்கும் பொதுவானதைப் பேரவை பேசும், நிலத்துக்கு உரியதை நிலத்துக்கு உரியவர்களே பேசுவார்கள் என்பது. காகிதத்தில் இந்தப் பிரிவு சரியாக இருக்கிறது. முதல் வட்டார உடன்படிக்கை வரும்வரை அது காகிதம்தான்.

உடையக்கூடிய இடம் எங்கே? 2023 அக்டோபர் 14 அன்று ஒன்றிய நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லும் பூர்வகுடிகள் அமைப்பை, ‘நாடாளுமன்றக் குரல்’ என்ற பெயரில், அரசமைப்பில் சேர்ப்பதற்கான பொதுவாக்கெடுப்பு எல்லா மாநிலத்திலும் தோற்றது. மூன்றே மாதத்தில், அதுவரை ட்ரீட்டிக்கு ஆதரவு சொன்ன விக்டோரியா எதிர்க்கட்சிக் கூட்டணி ஆதரவை விலக்கிக்கொண்டது. ஆட்சிக்கு வந்தால் 100 நாளில் ட்ரீட்டிக்கான சட்டத்தை ரத்து செய்வோம் என்பது அவர்களின் வாக்குறுதி. செய்ய முடியும். அது சாதாரணச் சட்டம், இரு அவைகளிலும் சாதாரணப் பெரும்பான்மை போதும். கன்பராவும் நினைத்தால் தன் சட்டத்தால் மேலேறிச் செல்லலாம். வைடாங்கி, கனடா உடன்படிக்கைகள் போல இதற்குப் பின்னால் ஒரு பேரரசின் வாக்கு இல்லை.

இருந்தாலும் குயின்ஸ்லாந்தில் பிடுங்கியது ஐந்து மாத நாற்று. இங்கே பிடுங்க வேண்டியவை பல: தன் வாக்காளர் பட்டியலைத் தானே வைத்திருக்கும் பேரவை, 2022இன் தனிச் சட்டத்தில் நிற்கும் ஆணையம், அரசுக் கணக்கிலிருந்து ஏற்கெனவே வெளியேறிவிட்ட நிதி, அச்சில் ஏறி நூலகங்களுக்குப் போய்விட்ட யூருக் அறிக்கை. ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கழற்ற வேண்டும், ஒவ்வொரு முறையும் அவையில் எழுந்து காரணம் சொல்ல வேண்டும். விக்டோரியாவின் அடுத்த தேர்தல் 2026 நவம்பர் 28.